பேறுகால ஓய்வுக்கு ஆயத்தம் செய்தவர் யார்? ஒரு வரலாற்றுக் குறிப்பு

மகப்பேற்று நலச் சட்டங்களின் வரலாறு பற்றி அண்மையில் வகுப்பொன்றில் பேசிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: "இருபத்தாறு வாரம் விடுப்பு என்றால் இருபத்தாறு வாரம் ஓய்வு என்று பொருளா?" அப்போது அவருக்கு முழுமையான விடை சொல்ல என்னால் இயலவில்லை. இப்பதிவு அவ்விடையைத் தேடும் முயற்சி.

நம் பாடநூல்கள் இவ்வரலாற்றை 1929, 1961, 2017 என ஆண்டுகளை அடுக்கிச் சொல்கின்றன. வாரங்கள் பெருகிய கதையாகவே அது நமக்கு அறிமுகமாகிறது. ஆனால் விடுப்பு வேறு, ஓய்வு வேறு. பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் நாள்களில் அடுப்பு மூட்டியவர் யார், தண்ணீர் சுமந்தவர் யார், அந்நாள்களுக்குரிய நெய்யும் அரிசியும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் கதை வேறாகிவிடுகிறது. ஓய்வு தானாக வாய்ப்பதில்லை. முன்கூட்டியே ஒருவர் அதற்கு ஆயத்தம் செய்தாக வேண்டும். அந்த ஆயத்தத்தின் பொறுப்பு யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதே பேறுகால ஓய்வின் வரலாறு என்பது என் கருத்து.

பழைய மருத்துவ நூல்களிலிருந்து தொடங்குவோம். சரக சம்ஹிதையின் சாரீரப் பகுதி, எட்டாம் அத்தியாயம், ஒன்பதாம் மாதம் பிறக்கும் முன்பே பேற்றில்லம் ஒன்றை அமைக்கச் சொல்கிறது. நல்ல நிலத்தில் வீடு, அதில் நீருக்கும் நெருப்புக்கும் இடம், முன்னரே சேர்த்துவைத்த நெய், எண்ணெய், தேன், உப்பு வகைகள், மருந்துப் பொருள்கள் என அதன் பட்டியல் நீள்கிறது. பொருள்களோடு ஆள்களையும் நூல் குறிப்பிடுகிறது: பல பிள்ளைகள் பெற்ற அனுபவமும் அன்பும் உடைய பெண்கள் உடனிருக்க வேண்டும். பேற்றுக்குப் பின் அவள் செரிக்கும் அளவறிந்து நெய்யோ எண்ணெயோ மருந்துப் பொடியுடன் தருதல், வயிற்றைத் துணியால் சுற்றிக் கட்டுதல், கஞ்சி கொடுத்துப் படிப்படியாக உடலைத் தேற்றுதல் என முறைகள் தொடர்கின்றன. கருவை வளர்த்ததாலும் பேற்றின் வேதனையாலும் குருதி இழப்பாலும் உடல் வெறுமையுற்றிருக்கிறது, அந்நிலையில் வரும் நோய் எளிதில் தீராது என்பது இதற்கு நூல் கூறும் காரணம். சுசுருதம் இந்நிலைக்குக் கால எல்லை வகுக்கிறது. ஒன்றரை மாதம் முறைப்படி நடந்தபின் அவள் 'சூதிகை' என்னும் பெயரிலிருந்து நீங்குகிறாள். மீண்டும் பூப்பு வரும்வரை அப்பெயர் உண்டு என்பாரும் உளர் என்கிறது. ஒன்றரை மாதம் என்பது 45 நாள். இன்றைய மகப்பேற்று மருத்துவம் வகுக்கும் 6 வாரத்துக்கு இது மிக அருகில் நிற்பதைக் காண்க.

பழம்பெருமை பேசுவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அப்பட்டியலை ஒரு செலவுக் கணக்காகப் படித்துப் பாருங்கள். தனி வீடு கட்டவும், நெய்யும் தேனும் சேர்க்கவும், நான்கைந்து பெண்களைப் பல நாள் உடன் இருத்தவும் வசதி உள்ள குடும்பத்தை நோக்கியே நூல் பேசுகிறது. கூலிக்கு உழைத்த பெண்ணின் 45 நாள் எப்படிக் கழிந்தது என்பதற்கு அந்நூலில் விடை இல்லை.

வழக்காறுகளிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். வட இந்தியாவின் பல பகுதிகளில் 40 நாள் 'சில்லா', வங்காளத்தில் தனியே ஒதுக்கப்பட்ட பேற்றறை, மராட்டியத்தில் பிசின் சேர்த்த உருண்டை, பஞ்சாபில் கோதுமை மாவும் நெய்யும் பருப்புகளும் சேர்ந்த பஞ்சீரி, நம் ஊரில் பேறுகாலப் பத்தியமும் லேகியமும். பெயர்கள் வேறு, அடிப்படை ஒன்றே. தாய்வீடு பல மாதங்களுக்கு முன்பே பொருள் சேர்க்கும். தாயோ அக்காளோ தம் உழைப்பைத் தருவர். தீட்டு என்னும் கருத்தும் இங்கே இருமுகமாகச் செயல்பட்டது. அது பெண்ணை இருட்டறையில் ஒதுக்கியது. அவள் அடுப்பைத் தொடக்கூடாது என்றதால் சமையல் வேலையிலிருந்து விடுவிக்கவும் செய்தது. ஆனால் அத்தீட்டைத் தம் கையால் கழுவியவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த மருத்துவச்சிகளும் சலவைப் பெண்களும். ஒரு பெண்ணின் ஓய்வு மற்றொரு பெண்ணின் ஓய்வின்மைமீது அமைந்திருந்தது.

குடியேற்ற ஆட்சிக்கால மருத்துவம் இவ்வறையின் தூய்மையின்மையைத்தான் கண்டது. 1885இல் தொடங்கிய டஃபரின் நிதியமும், 1903இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்க எழுந்த விக்டோரியா நினைவு நிதியும் காற்று, வெளிச்சம், கைத்தூய்மை ஆகியவற்றை முன்னிறுத்தின. தாய்மார் இறப்பைக் குறைக்க அவை தேவையானவையே. எனினும் பேற்றறையை விட்டு வெளியேறிய மறுநாளே அப்பெண் யாருக்காக உழைத்தாள் என்பது அவற்றின் பார்வைக்குள் வரவில்லை.

அக்கேள்வியை எழுப்பியது ஆலை. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் பம்பாய்க்கு வந்த குடும்பங்களின் பெண்கள் பஞ்சாலைகளில் நூல் சுற்றும் பகுதிகளில் வேலை செய்தனர். தாய்வீடு தொலைவில், குடியிருப்போ ஒற்றை அறை. ஊருக்குப் போனால் கூலி இல்லை. போகாவிட்டால் துணைக்கு ஆள் இல்லை. வழக்காறு செய்துவந்த ஆயத்தம் இங்கே முறிந்தது. 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தை நாளுக்கு 11 மணி என வரையறுத்தது. பேறுகாலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு பேற்றுக்கு முன் 6 வாரம், பின் 6 வாரம் என்றும், அக்காலத்துக்கு வாழ்வூதியம் வேண்டும் என்றும் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. நிலைமையை ஆராய்வதோடு நின்றது. அவ்வாறு 1920களில் ஆலைப் பெண்களை ஆராய்ந்த பெண் மருத்துவர்கள், தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தைக்கு அபின் கொடுத்து உறங்கவைக்கும் வழக்கத்தைப் பதிவு செய்தனர். ஓய்வுக்கு ஆயத்தம் செய்ய ஆளில்லாத இடத்தில் அபின் அந்த இடத்தை நிரப்பியது. இவ்வரலாற்றின் மிகத் துயரமான சான்றாக இதையே கருதுகிறேன்.

1924இல் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் மகப்பேற்று நல மசோதாவைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே அது தோற்கடிக்கப்பட்டது. அடுத்த முயற்சி பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் நடந்தது. 1928 ஜூலையில் அங்கே நடந்த விவாதத்தில் டாக்டர் அம்பேத்கர் மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுவது நாட்டின் நலன் சார்ந்தது. ஆதலால் அச்சுமையின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். அதே வேளையில், பெண்களை வேலைக்கு வைப்பதால் முதலாளி ஆதாயம் அடைகிறார். எனவே அவரும் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்றார். ஓய்வுக்கான ஆயத்தம் குடும்பத்தின் உள்விவகாரம் அன்று, பொதுப்பொறுப்பு என்று இவ்வளவு தெளிவாக அதற்குமுன் நம் சட்டமன்றங்களில் ஒலித்ததாக நான் படித்ததில்லை.

1929இல் சட்டம் நிறைவேறியது. பேற்றுக்குப் பின் 4 வாரம் பெண்ணை வேலைக்கு வைக்கத் தடை. நாளுக்கு 8 அணா வீதம் உதவித்தொகை. வேலைத் தடையும் தொகையும் ஒன்றாக வந்ததைக் கவனிக்க வேண்டும். தொகையில்லாத தடை பட்டினியாகவே முடியும். ஆனால் அம்பேத்கர் வேண்டிய அரசின் பங்கு அதில் இல்லை. முழுச்சுமையும் முதலாளிமீது விழுந்தது. பெண்ணை வேலைக்கு எடுக்காமல் விடுவது முதலாளிக்கு எளிய வழியாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் பம்பாய் ஆலைகளில் பெண்களின் பங்கு சுருங்கியதற்கு ஆட்குறைப்பு, இரவு வேலைத் தடை முதலிய வேறு காரணங்களும் உண்டு. எனினும் முதலாளியை மட்டும் பொறுப்பாக்கும் சட்டம் பெண்ணின் வேலையையே பறிக்கக்கூடும் என்ற கவலை அன்று தொடங்கி இன்றுவரை நீங்கவில்லை.

சென்னை மாகாணத்தில் 1934ஆம் ஆண்டுச் சட்டம், வங்கத்தில் 1939, சுரங்கங்களுக்கு 1941, அசாமில் 1944 என ஒவ்வொன்றாகச் சட்டங்கள் வந்தன. 1948இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் தனி முதலாளியின் கடனைக் கூட்டு நிதியத்தின் கடனாக மாற்றியது. என் பார்வையில் இதுவே பெரிய திருப்பம். 1961ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் என்றது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. இடையே 2000இல், தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலை போட்ட பெண்கள் தொடுத்த வழக்காதலால் அது நம் கவனத்துக்கு மேலும் உரியது.

ஆனால் இந்நாட்டில் உழைக்கும் பெண்களில் மிகப் பெரும்பான்மையோர் வயலிலும் கட்டடப் பணியிலும் வீட்டு வேலையிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு 26 வாரம் தரும் முதலாளி இல்லை. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கருவுற்ற பெண்களுக்கு 6000 ரூபாய்க்குக் குறையாத தொகையை உரிமையாக்கியது. 2017இல் வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5000 ரூபாய் தருகிறது; 2022 முதல் இரண்டாவது குழந்தை பெண்ணாயின் 6000. பேற்றுக்கு முன்னும் பின்னும் போதிய ஓய்வு பெறுவதற்காகக் கூலி இழப்பை ஓரளவு ஈடுசெய்வது என்றே அதன் நோக்கம் கூறப்பட்டுள்ளது. ஓய்வு என்னும் சொல் அரசின் ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் 5000 ரூபாயை 26 வாரத்தின் 182 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 27 ரூபாய் சொச்சம். அலுவலகத்தில் பணிபுரியும் பெண்ணுக்கு முழு ஊதியத்தோடு 182 நாள். சித்தாள் பெண்ணுக்கு அதே நாள்களுக்கு 27 ரூபாய். சரகத்தின் பேற்றில்லத்துக்கு வெளியே நின்ற பெண் இன்னும் வெளியேதான் நிற்கிறாள்.

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருகிறேன். கூலியை ஈடுசெய்வது ஆயத்தத்தின் ஒரு பாதி. மறுபாதி, அந்நாள்களில் வீட்டு வேலையைச் செய்யும் கைகள். சட்டம் வேலையிடத்துக்கு வெளியே பார்ப்பதில்லை. ஆலையிலிருந்து விடுப்பு பெற்றவள் குழாயடிக்குப் போனாளா, அவளுக்காக மூத்த மகள் பள்ளியை விட்டாளா, மாமியாரோ தாயோ தம் கூலியை இழந்தார்களா என்பன தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளில் இல்லை. அவ்வறிக்கைகள் விடுப்பு நாள்களை எண்ணின, ஓய்வை எண்ணவில்லை. நாமும் அவற்றை மட்டுமே சான்றாகக் கொண்டால் அதே தவற்றைச் செய்வோம்.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் பேற்று வலியைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எத்தனையாம் நாள் எழுந்து தண்ணீர் எடுத்தீர்கள், எத்தனையாம் நாள் வேலைக்குப் போனீர்கள், அதுவரை சமைத்தது யார், பத்தியத்துக்கு வேண்டியதை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சாதி, தொழில், ஊர், ஆண்டு ஆகியவற்றோடு குறித்துவையுங்கள். அத்தகைய நூறு குறிப்புகள் சேர்ந்தால், சட்டப் புத்தகங்கள் சொல்லாத வரலாறு ஒன்று நம் கைக்கு வரும். விடுப்பு எப்போது ஓய்வாகிறது என்ற வினாவுக்கு அப்போதுதான் அம்மாணவிக்கு நிறைவான விடை சொல்ல முடியும்.