சட்டச் சொல்லும் மறைசொல்லும்: யூத இன அழிப்பின் சொல்வரலாறு, 1879–1948

ஐரோப்பிய யூதர்களில் ஏறத்தாழ 60 லட்சம் பேரைக் கொன்ற நாஜி அரசு, தன் அலுவல் ஆவணங்களில் கொலை என்ற சொல்லைப் பெரும்பாலும் தவிர்த்தது. அந்த ஆவணங்களில் நிறைந்திருக்கும் கலைச்சொற்களுள் ஒவ்வொன்றையும் எவர், எப்போது, எந்த நோக்கத்துக்காகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்று பிரித்தறியாமல் எடுத்தாளும் ஆய்வு, தன்னையறியாமலே கொன்றவர்களின் மொழியில் பேசத் தொடங்கிவிடும்.

யூதர் மீதான பகை ஐரோப்பாவுக்குப் புதிதன்று. எனினும் இடைக்காலத்தில் அது பெரிதும் சமயப் பகையாகவே இருந்ததால், கிறிஸ்தவத் திருமுழுக்குப் பெற்றவருக்கு அதிலிருந்து வெளியேற ஒரு வழி, கொள்கை அளவிலேனும், திறந்திருந்தது. 1879-இல் பெர்லினில் தனிச்சங்கம் ஒன்றை நிறுவிய ஜெர்மானிய இதழாளர் வில்ஹெல்ம் மார் பரவலாக்கிய ‘செமித்திய எதிர்ப்பு’ என்ற தொடர் அந்த வழியை அடைத்தது. ‘செமித்திய’, ‘ஆரிய’ என்னும் இரு சொற்களும் மொழிக்குடும்பங்களைப் பகுக்க அறிஞர் கையாண்டவை. அவை குருதியின் பெயர்களாக மாற்றப்பட்டபோது, மனிதர் மாற்றிக்கொள்ள இயலாத பிறப்பே பகைக்குக் காரணமாக நிறுவப்பட்டது. மொழிக்குடும்பப் பெயர்கள் இனப்பெயர்களாக உருமாறிய வரலாற்றைத் தம் அரசியலிலேயே கண்டிருக்கும் தமிழ் வாசகர்களுக்கு இந்த நகர்வு விளங்காததன்று.

1933 ஏப்ரல் 7 அன்று இயற்றப்பட்ட அரசுப் பணியாளர் சட்டம் ‘ஆரியர் அல்லாதோர்’ என்ற வகையை உருவாக்கி அவர்களைப் பணியிலிருந்து நீக்கியது. 1935 செப்டம்பரில் வந்த நியூரம்பெர்க் சட்டங்களும், நவம்பரில் அவற்றைத் தொடர்ந்த ஆணையும், பாட்டன் பாட்டியரில் மூவரோ நால்வரோ யூதராயின் ஒருவர் யூதர் என்று வரையறுத்தன. ஒருவரோ இருவரோ யூதராக இருந்த பலர் ‘மிஷ்லிங்’, அதாவது கலப்பினர், எனப்பட்டனர். இவ்வரையறையின் பொய்ம்மை அதற்குள்ளேயே இருந்தது. இனத்தைக் கண்டறியக் குருதியில் எந்த அடையாளமும் கிடைக்காததால், முன்னோர் எச்சமயத்தைச் சார்ந்திருந்தனர் என்பதைத் தேவாலயப் பதிவேடுகளிலிருந்தே அதிகாரிகள் தேடி எடுத்தனர். புராட்டஸ்டண்டாகத் திருமுழுக்குப் பெற்றிருந்த டிரெஸ்டன் பேராசிரியர் விக்டர் கிளெம்பெரரும் 1935-இல் பதவி இழந்தார். அவர் நாஜி மொழியை நாட்குறிப்புகளில் மறைவாகக் குறித்துவைத்து, 1947-இல் நூலாக வெளியிட்டார்.

யூதரின் கடைகளும் ஆலைகளும் அடிமாட்டு விலைக்குப் பறிக்கப்பட்டது ‘ஆரியமயமாக்கல்’ எனப்பட்டது. 1938 நவம்பர் 9, 10 நாட்களில் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் கைதான நிகழ்வுக்கு உடைந்த கண்ணாடிகளைச் சுட்டும் ‘படிக இரவு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மனிதர் பட்ட துன்பத்தை அப்பெயர் மறைத்துவிடுவதால், 1881 முதல் ரஷ்யப் பேரரசில் யூதர்மீது நிகழ்ந்த கும்பல் வன்முறைகளைக் குறித்து வழங்கிய ரஷ்யச் சொல்லைக் கொண்டு ‘நவம்பர் பொக்ரோம்’ என்று ஆய்வாளர் பலர் எழுதுவதே பொருத்தமானது.

‘கெட்டோ’ என்பது 1516-இல் வெனிஸ் நகரில் யூதர் வாழ ஒதுக்கப்பட்ட, இரவில் வாயில் பூட்டப்பட்ட பகுதியின் பெயர். அதே பெயரில் 1940 நவம்பரில் மூடப்பட்ட வார்சா கெட்டோவோ, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை நெருக்கி அடைத்துப் பட்டினியிட்ட சிறை. அங்கே ஜெர்மானிய ஆணைகளை நிறைவேற்ற ‘யூதர் அவை’ என்ற அமைப்பும் கட்டாயமாக ஏற்படுத்தப்பட்டது. 1942 ஜூலை 22 அன்று அந்நகரில் ‘கிழக்கே மீள்குடியமர்த்தல்’ அறிவிக்கப்பட்டது. தாமாக முன்வருவோருக்கு மூன்று கிலோ ரொட்டியும் ஒரு கிலோ பழப்பாகும் தருவதாக அறிவித்தபோது, பசியால் வாடிய குடும்பங்கள் பல ரயிலடிக்குச் சென்றன. ரயில்கள் சென்ற இடம் ட்ரெப்லிங்கா கொலைமுகாமின் நச்சுவாயு அறைகள். ஆட்களை எவ்வித எதிர்ப்பும் இன்றி ரயிலில் ஏற்றுவதற்கு ‘மீள்குடியமர்த்தல்’ என்ற சொல்லே ஒரு கருவியாயிற்று.

‘இறுதித் தீர்வு’ என்ற தொடரின் பொருளும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1940-இல் அது யூதரை மடகாஸ்கர் தீவுக்கு அனுப்பும் திட்டத்தையும் சுட்டியது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சீ பகுதியில் நாஜிப் பாதுகாப்புக் காவல்துறைத் தலைவர் ஹைட்ரிஷ் தலைமையில் கூடிய 15 அதிகாரிகள் ஒரு கோடியே பத்து லட்சம் யூதரைக் கணக்கிட்டபோது அது அழிப்பையே குறித்தது. கொலையைச் சுட்டிய ‘சிறப்பு நடவடிக்கை’ என்ற மறைசொல்லும் நாளடைவில் வெளிப்படையாகிவிட, 1943-இல் புள்ளியியலாளர் கோர்ஹெர் தயாரித்த அறிக்கையிலிருந்து அதை நீக்கும்படி நாஜிக் காவல்படையான எஸ்.எஸ்.-இன் தலைவர் ஹிம்லர் ஆணையிட்டார். அதே ஹிம்லர் அவ்வாண்டு அக்டோபரில் போசன் நகரில் எஸ்.எஸ். தளபதிகளிடம் யூத இனத்தை வேரறுப்பது பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினார். மறைசொல் கொலையாளிகளின் அறியாமையைக் காட்டுவதன்று என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

அழிக்கப்பட்டோர் தமக்கென வேறு சொற்களைக் கொண்டிருந்தனர். இத்திஷ் பேசியோர், எருசலேம் ஆலயத்தின் அழிவைச் சுட்டிய ‘ஹுர்பன்’ என்ற சொல்லால் தம் பேரழிவையும் குறித்தனர். எபிரேயத்தில் ‘ஷோவா’, அதாவது பேரழிவு, நிலைபெற்றது. உலகெங்கும் பரவிய ‘ஹோலோகாஸ்ட்’ கிரேக்கத்தில் முழு எரிபலியைக் குறிப்பதால், கொலைக்கு வேள்வியின் புனிதத்தை ஏற்றுகிறது என்ற மறுப்பு அதற்கு உண்டு, அம்மறுப்பு நியாயமானதே.

போலந்து யூதச் சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் 1944-இல் வெளியிட்ட நூலில், கிரேக்க வேரையும் லத்தீன் வேரையும் இணைத்து ‘ஜெனோசைட்’ என்ற சொல்லை ஆக்கினார். தமிழில் அது இனப்படுகொலை என்றும் இனவழிப்பு என்றும் வழங்குகிறது. மரணத்தை மட்டுமல்லாது ஒரு மக்களின் மொழி, சமயம், பண்பாடு, பொருளாதார வாழ்வு ஆகியவற்றைத் திட்டமிட்டுத் தகர்ப்பதையும் அவர் அச்சொல்லுக்குள் அடக்கினார். போருக்குப் பின் நாஜித் தலைவர்கள்மீது நடந்த நியூரம்பெர்க் வழக்கின் குற்றப்பத்திரிகையில் அது இடம்பெற்றது; 1946-இல் வந்த தீர்ப்பில் இல்லை. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கை, தேசிய, இன, மரபின, சமயக் குழுக்களை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்துடன் செய்யும் செயல்களைக் குற்றமாக்கியது. வரைவில் இருந்த பண்பாட்டு அழிப்பு விவாதங்களின்போது கைவிடப்பட்டு, ஒரு குழுவின் குழந்தைகளை வலிந்து பிற குழுவுக்கு மாற்றுதல் என்ற ஒரு கூறு மட்டுமே எஞ்சியது.