கிடுகு என்னும் கேடயம்

கிடுகு என்றதும் எமக்கு நினைவு வருவன வேலியும் கூரையுமே. தென்னோலையைக் கிழித்து, தண்ணீரில் ஊறவிட்டுப் பின்னுவது கிடுகு. ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ இதை அறியாதார் இல்லை. ஆனால், சங்ககாலப் புலவரிடம் கிடுகு என்று சொல்லியிருந்தால் அவர் போர்வீரனின் கேடயத்தையே நினைத்திருப்பார்.

கேடயத்துக்குப் பழந்தமிழில் பல பெயர்கள் உண்டு. விலங்குத் தோலாற் செய்ததைத் 'தோல்' என்றே அழைத்தனர். உழிஞைத் திணையில் மதிலை முற்றுகையிடுவோரின் தோற்படைப் பெருக்கத்தைத் தொல்காப்பியம் ஒரு துறையாகவே கூறுகிறது. மதில்மேலிருந்து அம்பு பொழியும்போது தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கக் கேடயம் வேண்டுமல்லவா? புறநானூற்றின் 4ஆம் பாட்டில் பரணர், அம்பு துளைத்த தோல்களை எய்து பழகும் இலக்குக்கு ஒப்பிடுகிறார்.

கேடயம் இடக்கைக்குரியது, வலக்கை வாளுக்கோ வேலுக்கோ உரியது. பாரம் கூடினால் கை சோரும். குறைந்தால் வெட்டைத் தாங்காது. மரப்பலகை பிளந்துவிடும். தோலும் பின்னலுமோ நெகிழ்ந்து கொடுத்து அடியின் வேகத்தைத் தணிக்கும். பாரசீகரும் பின்னற் கேடயங்களையே கொண்டிருந்தனர். கி.மு. 479இல் பிளாத்தியாப் போரில் அவற்றை வேலிபோல வரிசையாக நிறுத்தி, பின்னால் நின்று அம்பெய்தனர் என்கிறார் ஹெரோடோட்டஸ்.

கேடயம் வேலியாவது எமது இலக்கியத்திலும் உண்டு. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் மீனவர் குடிசைகளைக் காட்டுகிறார். தாழ்ந்த கூரைகளில் நீண்ட தூண்டிற் கோல்கள் சார்த்தப்பட்டிருக்கின்றன. அக்காட்சி, கிடுகுகளை நிரைத்து வேல்களை ஊன்றி நடுகல்லுக்கு அமைத்த அரண்போல இருக்கிறதாம். போர்க்களப் பொருளையும் மீனவர் கூரையையும் ஒருங்கே கண்ட கண் அது. காவலும் பின்னலுமே ஒரு சொல்லை இரு பொருளுக்கும் உரியதாக்கின என எண்ண இடமுண்டு.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். துவக்கும் பீரங்கியும் வந்த பின்னர் கைக்கேடயத்துக்கு வேலையில்லை. கடற்கோட்டையின் கல்மதிலே கேடயமாயிற்று. கேடயம் மறைந்தாலும் அதன் பெயர் மட்டும் எமது வளவு வேலியில் தங்கிவிட்டது.

இன்று மதிலும் தகரமும் அவ்வேலியின் இடத்தைப் பிடித்து வருகின்றன. பின்னும் கைகள் குறைந்தால் சொல்லும் வழக்கொழியும். பிள்ளைகளுக்குக் கிடுகு பின்னக் காட்டும்போது, அது ஒருகாலத்தில் வீரனின் கையிலிருந்த பெயர் என்பதையும் சொல்லி வைப்போம்.