இறக்குமதிப் பொருள்களின் சுழற்சி

இன்ஃப்ராவொர்க்ஸ் போன்ற உள்கட்டமைப்பு மென்பொருள்களில், வெளியிலிருந்து கொண்டுவரும் பாலம், கட்டடம், விளக்குக்கம்பம் ஆகியவற்றின் நிலையை எக்ஸ், ஒய், இசட் அச்சுக் கோணங்கள் தீர்மானிக்கின்றன. ஒய் அச்சை மேல்நோக்கி வைத்து வரைந்த கம்பம், இசட் மேல்நோக்கும் மென்பொருளில் படுத்துவிடும். எக்ஸ் அச்சில் 90 பாகை திருப்பினால் நிமிரும். இசட் கோணம் திசையை மாற்றுகிறது. மூலப்புள்ளி பொருளைவிட்டுத் தள்ளியிருந்தால், திருப்பும்போது பொருளே இடம்பெயர்ந்துவிடும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

இசட் கோணத்தைக் கொடுக்கும்போது, எந்த வடக்கை வைத்து அளக்கிறோம் என்பதும் முக்கியம். எடுத்துக்காட்டாக, ஆவடியை ஒட்டிய வெள்ளானூர், யூடிஎம் என்ற வரைபடக் கட்ட முறையின் 44 வடக்கு மண்டலத்தில் 81 பாகை நடுத் தீர்க்கரேகைக்கு மேற்கே உள்ளது. அதனால் அங்கு உண்மை வடக்கு, கட்டக் கோடுகள் காட்டும் வடக்கிலிருந்து சுமார் 0.2 பாகை கிழக்கே சாய்கிறது. உண்மை வடக்கை வைத்து வரைந்த 100 மீட்டர் கட்டடத்தைத் திருத்தாமல் பொருத்தினால், மறுமுனை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் விலகும். தெருவிளக்குகளுக்கு இந்தப் பிசகு பொருட்டல்ல. சாலையின் திசைக்கோணத்தைத் தரவு அட்டவணையில் கொடுத்து அவற்றை மொத்தமாகத் திருப்பிவிடலாம்.