இது எதுக்கு? – சிந்துவெளிக் கற்கள் இரண்டின் கதை

சிந்து மாகாணத்து மொகஞ்சதாரோவை 1922-இல் தோண்டத் தொடங்கியபோது பானை பானையாகவும் வளையல் வளையலாகவும் அடையாளம் தெரிந்துவிட்டன. தலையைச் சொறிய வைத்தவை வேறு சில. அவற்றில் இரண்டை மட்டும் இங்கே பார்ப்போம். ஒன்று, கனசதுரமாக அறுத்து வழவழவென்று தேய்த்த சிறு கல். மற்றது, நடுவில் துளையுள்ள கல் வளையம். இரண்டிலும் ஓர் எழுத்துக் கிடையாது. கேட்டால் சொல்ல ஆளும் கிடையாது.

சதுரக் கல்லின் கதை சுலபமாக முடிந்தது. ஹெம்மி என்ற ஆய்வாளர் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து, 1931-இல் வெளியான ஜான் மார்ஷலின் அகழாய்வு நூலில் கணக்கை எழுதினார். கற்களின் எடை ஏனோதானோவென்று இல்லை. 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டிப்பாக ஏறுகிறது. பிறகு 160, 200, 320, 640 என்று பெருகுகிறது. 1 என்பது சுமார் 0.86 கிராம். அதிகமாகக் கிடைத்தது 16-ஆவது மடங்கு, அதாவது சுமார் 13.7 கிராம். ஒரு கல் தற்செயலாக அப்படி அமையலாம். நூற்றுக்கணக்கான கற்கள் அமையுமா? செம்புத் தராசுத் தட்டுகளும் கிடைத்தன. ஹரப்பாவிலும் லோத்தலிலும் அதே எடை. கடல் தாண்டிப் பஹ்ரைனிலும் அதே எடை. எடைக்கல்தான் என்பதில் அப்புறம் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த 0.86 கிராம் ஏறக்குறைய எட்டுக் குன்றிமணி எடை என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பத்தர்களும் தங்கத்தைக் குன்றிமணி வைத்து நிறுத்தவர்கள்தானே!

வளையக் கல்லின் பாடு அப்படி இல்லை. அரை அங்குலத்திலிருந்து ஏறக்குறைய நாலடி அகலம் வரை அவை கிடைத்தன. மார்ஷல் அவற்றை யோனியின் வடிவமாகக் கொண்டு, சக்தி வழிபாட்டுக்கு உரியவை என்று எழுதினார். பெரிய அறிஞர் சொன்னால் சொன்னதுதான். பல பாடநூல்களில் அது அப்படியே இடம்பிடித்தது. ஆனால் அதற்கு ஆதாரம் உருவ ஒற்றுமை ஒன்றுதான். எடைக்கல்லுக்குத் தராசு சாட்சி சொன்னது போல வளையத்துக்குச் சாட்சி சொல்ல எதுவும் கூடவே கிடைக்கவில்லை. பல வளையங்கள் முதலில் வைத்த இடத்திலும் இல்லை.

ஒரு பொருள் இடம்பெயர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பல்லாங்குழியை நினைத்துப் பாருங்கள். சோழி இல்லாமல், ஆடத் தெரிந்த பாட்டியும் இல்லாமல், பதினாலு குழிப் பலகை மட்டும் ஆயிரம் வருஷம் கழித்து ஒருவர் கையில் அகப்பட்டால், 'பூசைத் தட்டு' என்று எழுதிவிட மாட்டாரா? விளங்காததையெல்லாம் சாமி கணக்கில் எழுதிவிடுவது தொல்லியலில் பழைய பழக்கம். ஊர் விட்டு ஊர் மாறும் நம் வீடுகளிலும் பரணில் கிடக்கும் உழக்கு, திருகை எல்லாம் அந்த நிலைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. பேரும் உபயோகமும் ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வைக்க ஐந்து நிமிஷம் போதும்.

ஹரப்பாவில் நடந்தது இன்னும் கொடுமை. 19-ஆம் நூற்றாண்டில் லாகூர்–முல்தான் இரயில் பாதைக்குச் சரளையாகப் போட அந்த ஊர்ச் செங்கல்லை வண்டி வண்டியாக அள்ளினார்கள். எது எதன் பக்கத்தில் இருந்தது என்ற சாட்சியமும் செங்கல்லோடு போய்விட்டது.

யோனி என்ற கருத்துக்குப் போதிய ஆதாரமில்லை என்று ஜார்ஜ் டேல்ஸ் 1984-இல் வாதிட்டார். பிறகு குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள தோலாவீராவில் ஆர். எஸ். பிஷ்ட் தலைமையில் 1990 முதல் அகழாய்வு நடந்தது. அங்கே கோட்டை வாயிலில், மெருகேற்றிய கல் தூண்களின் உறுப்புகள் வைத்த இடத்திலேயே கிடைத்தன. சிந்துவெளி மக்கள் கல்லைக் கடைந்து தூண் நிறுத்தியவர்கள் என்பது அதனால் கண்கூடானது. பெரிய வளையங்கள் தூணின் அடியில் இருந்தவை, அல்லது மரத்தண்டில் கோத்துத் தூணாக அடுக்கியவை என்பதே இன்று பலர் ஏற்கும் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அது பெரிய வளையத்துக்குத்தான். அரை அங்குல வளையம் எந்தத் தூணையும் தாங்காது; அதை வேறு வேலைக்குத்தான் செய்திருக்க வேண்டும்.