மன்னார்: அடிக்கடி கேட்கப்படும் சில கேள்விகள்

வங்காலை மன்னார்த் தீவின் எப்பகுதியில் அமைந்துள்ளது என்று வெளியூர் வாசகர்கள் எம்மிடம் வினவுவதுண்டு. எப்பகுதியிலும் இல்லை என்பதே விடையாகும். மன்னார் நகரிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலப்பரப்பை அடைந்து, தள்ளாடியில் தெற்கே திரும்பி, அரிப்பு - மறிச்சுக்கட்டி வீதியில் சென்றால் வரும் கரையோர ஊர் அது. நானாட்டான் பிரதேச செயலகப் பிரிவுக்கு உட்பட்டது. ஆயினும் அங்குள்ளவர் தம் ஊரை மன்னார் என்றே வெளியாரிடம் கூறுவர். அதில் பிழையில்லை. நகருக்கும் தீவுக்கும் மாவட்டத்துக்கும் மறைமாவட்டத்துக்கும் வளைகுடாவுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் வரும் மயக்கமே இது. சுமார் 2,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மாவட்டத்தில் தீவு மிகச் சிறிய பகுதியாகும்.

இத்தகைய மயக்கம் எமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்து என்பது ஒரு தீவின் பெயர். அத்தீவின் பெரும்பகுதியில் அமைந்துள்ள குடியரசின் பெயரும் அதுவே. 1921 இல் பிரிக்கப்பட்ட வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்தது. வேடிக்கை என்னவெனில், தீவின் வடமுனை வட அயர்லாந்தில் இல்லை. குடியரசுக்குரிய டொனகல் மாவட்டத்தில் இருக்கிறது. அரசியல் வைத்த பெயரைத் திசைகாட்டி ஏற்பதில்லை.

வங்காலையைச் சுற்றிய நிலம் உப்புச் சதுப்பும் சேற்றுத்தரையும் கடற்புல்லும் கலந்தது. 2008 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இப்பகுதி, 4,839 ஹெக்டேயர் பரப்புடன் 2010 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பூநாரைகளும் வாத்தினங்களும் வடபுலக் குளிருக்குத் தப்பி இங்கு வருகின்றன. அருவியாற்று நீரைப் பெறும் கட்டுக்கரைக்குளம் உள்நாட்டு வயல்களை வாழவைக்கிறது. தெற்கே அரிப்புக் கடல் முத்துக்குப் பேர்போனது. கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவரும் சங்கமித்த அந்த முத்துக்குளிப்பு, 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓய்ந்துவிட்டது. பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டுவித்த மாளிகை இன்று அரிப்புக் கரையில் இடிபாடாக நிற்கிறது.

இந்தியாவுக்குச் செல்ல வழி உண்டா என்பது மற்றொரு கேள்வி. 1914 முதல் தலைமன்னாருக்கும் தமிழகக் கரைக்கும் இடையே கப்பல் ஓடியது. இருபுறமும் புகையிரதம் காத்து நின்றது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்குச் சென்றது. 1980 களில் அதுவும் நின்றது. 1990 இல் தடைப்பட்ட தலைமன்னார்ப் புகையிரதம் 2015 மார்ச்சில் மீண்டும் ஓடியது. கப்பல் மட்டும் திரும்பவில்லை. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பழைய பாலமும் 1990 இல் தகர்க்கப்பட்டது. இன்றுள்ள பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது.

மொழி பற்றிய கேள்விக்குச் சற்று நின்று விடை கூற வேண்டும். அயர்லாந்தின் 1937 ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷ் மொழியை முதலாவது உத்தியோகபூர்வ மொழியாக்குகிறது; ஆங்கிலத்துக்கு இரண்டாமிடம். ஆனால் 2022 குடிசன மதிப்பீட்டின்படி, ஐரிஷ் பேச வரும் என்றவர்கள் சுமார் 18 இலட்சத்து 70 ஆயிரம் பேர். கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72 ஆயிரம் பேரே. மொழி நாவை விட்டுப் பெரும்பாலும் நீங்கிய பின்னரும் அவர்கள் தம்மை ஒரே தேசத்தவராகக் கருதுகின்றனர்.

மன்னாரில் நிலைமை இதற்கு நேர்மாறானது. வங்காலைக் கத்தோலிக்கருக்கும் திருக்கேதீச்சரத்துச் சைவருக்கும் எருக்கலம்பிட்டி முஸ்லிமுக்கும் வீட்டு மொழி தமிழே. குடிசன மதிப்பீட்டிலோ முன்னிருவர் இலங்கைத் தமிழர். மூன்றாமவர் இலங்கைச் சோனகர். மொழி ஒன்றாகையால் இனமும் ஒன்றே என்று ஒரு சாராரும், தாம் தனி இனமே என்று மறுசாராரும் வாதிட்டு வந்துள்ளதை நாம் அறிவோம். 1998 ஆம் ஆண்டின் பெல்பாஸ்ற் உடன்படிக்கை, வட அயர்லாந்தில் பிறந்தவர் தம்மை ஐரிஷ்காரர் என்றோ பிரித்தானியர் என்றோ இரண்டும் என்றோ அழைத்துக்கொள்ளும் உரிமையை ஏற்றது. ஒருவரின் பெயரை அவரே சொல்லட்டும் என்ற அந்த ஏற்பாடு நியாயமானது என்பது எமது கருத்து.

மன்னார் கத்தோலிக்க மாவட்டமா? 2012 மதிப்பீட்டின்படி மக்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். மடு அன்னையின் ஓகஸ்ட் திருவிழாவுக்கு நாடெங்குமிருந்து மக்கள் வருவர். வங்காலையின் அடையாளம் புனித ஆனாள் ஆலயம். அங்கு பணியாற்றிய மேரி பஸ்ரியன் அடிகளார் 1985 ஜனவரி 6 ஆம் திகதி கொல்லப்பட்டதை ஊர் இன்றும் மறக்கவில்லை. எனினும், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இம்மாவட்டத்திலேயே உள்ளது. மாதோட்டத் துறையில் அராபிய வணிகர் வந்திறங்கிய வரலாறும் இதற்கே உரியது. பள்ளிமுனையில் நிற்கும் பெருத்த பெருக்குமரம் அவ்வணிகர் கொண்டுவந்ததென்பர். உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததென்று கூறுவதற்கில்லை. 2019 மார்ச்சில் சிவராத்திரிக்கு முதல்நாள் திருக்கேதீச்சர வீதியின் வளைவு பிடுங்கப்பட்டது. இருந்தும் கூத்தும் வாசாப்பும் அரங்கேறும் இரவுகளில், கதை எம்மதத்தினதாயினும் தமிழ் ஒன்றே.

இனி, எம்மிடம் மிகக் குறைவாகவே கேட்கப்படும் ஒரு கேள்வி. மன்னாரின் மக்கள் யாவர்? 1981 இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்த மாவட்டச் சனத்தொகை, 31 ஆண்டுகளுக்குப் பின் 2012 இல் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. 1981 இல் நான்கில் ஒரு பங்குக்கு மேலிருந்த முஸ்லிம்கள் 2012 இல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர். காரணம் யாவரும் அறிந்ததே. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். மொத்தம் சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. மன்னார்த் தீவு முஸ்லிம்கள் கடல்வழியே கற்பிட்டியில் கரையேறினர். அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளைக் கண்டவர்கள் தமிழர்களே. அதனைத் தமிழ்ப் பத்திரிகைகள் அன்று போதியளவு எழுதவில்லை என்று ஒப்புக்கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை.

2009 இற்குப் பின் திரும்ப முனைந்தோர் புதிய தடைகளைக் கண்டனர். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற பழைய ஊர்களின் நிலங்கள் காடாகியிருந்தன. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, தம் காணிகளும் அதற்குள் அகப்பட்டதாக அவர்கள் முறையிட்டனர். காடழிப்போர் என்ற பழியும் அவர்கள்மேல் விழுந்தது. அதே முசலிப் பிரிவில் சிலாவத்துறை முஸ்லிம்கள் கடற்படை முகாமுக்குக் காணி இழந்தனர். 2007 இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளம் கத்தோலிக்கரும் கடற்படையிடமே காணி கேட்டுப் போராடினர். 2017 இல் அவர்களுக்கு ஒரு பகுதி விடுவிக்கப்பட இணக்கம் காணப்பட்டது. இரு ஊரவரும் ஒரே முறைப்பாட்டையே ஒரே மொழியில் எழுதினர். ஆனால் தனித்தனியே எழுதினர்.

வாக்குரிமையும் இவ்வாறே. புத்தளத்தில் வாழ்ந்தவாறு மன்னாரில் வாக்காளராகப் பதிந்திருப்போரை இரட்டை நன்மை பெறுவோர் என்று குறைகூறுவோர் உளர். 2019 நவம்பர் 16 ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னார் நோக்கி வந்த பஸ்கள்மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிப் பிரயோகம் நடத்தப்பட்டது. நன்மை பெறுவதற்காக எவரும் அத்தகைய பயணத்தை மேற்கொள்வதில்லை.

இறுதியாக, விலாசம் பற்றிய ஒரு குறிப்பு. எருக்கலம்பிட்டி மன்னார்த் தீவில் உள்ளது. புத்தளத்தில் நாகவில்லுப் பகுதியிலும் எருக்கலம்பிட்டி என வழங்கும் குடியிருப்பு உண்டு. வெளியேற்றப்பட்டோர் தம் ஊர்ப்பெயரையும் உடன் கொண்டு சென்றமையால் உண்டானது. அவ்வூரவருக்குக் கடிதம் எழுதுவோர் மாவட்டத்தின் பெயரையும் மறவாது குறிப்பிட வேண்டும்.