பூதசுத்தி: எரித்துப் பெறும் உடல்

பூதம் என்றதும் தமிழ்க் காதுக்கு முதலில் வருவது பெருவயிற்றுப் பேருருவம்தான். புகார் நகரத்தில் தீயோரைப் பாசத்தால் கட்டி அடித்துத் தின்ற சதுக்கப்பூதத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பூதக்கண்ணாடி, பூதாகரம் என்ற சொற்களிலும் அந்தப் பேருரு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூதசுத்தி என்பதைப் பேயோட்டுதல் என்று ஒருவர் எண்ணினால் குறை சொல்வதற்கில்லை.

வடமொழியில் 'பூ' என்ற வினையடிக்கு ஆதல், உளதாதல் என்று பொருள். உண்டானது எதுவோ அது பூதம். அதனால்தான் உயிரும், செத்தவனின் ஆவியும், உலகம் ஆவதற்கு முதலான நிலமும் நீரும் ஒரே பெயரில் அடங்கின. தமிழ் இந்தப் பொருளையும் வெகுகாலத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டது. தொல்காப்பிய மரபியல் நிலம் முதலான ஐந்தையும் பெயர் சொல்லி எண்ணுகிறது; புறநானூற்றின் இரண்டாம் பாட்டிலோ 'ஐம்பெரும் பூதம்' என்ற தொடரே இருக்கிறது.

சொல்லின் பின்பாதிதான் ஆளை ஏமாற்றுவது. சுத்தி என்றால் கழுவுதல், துடைத்தல் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆகமம் சொல்லும் சுத்தி அவ்வளவு சாதுவானதல்ல. சிவபூசைக்கு முன் ஆன்மா, இடம், பொருள், மந்திரம், இலிங்கம் என ஐந்துக்கும் சுத்தி உண்டு. முதலாவதில் அடங்கியது பூதசுத்தி. பூசை செய்பவர் மூச்சை அடக்கித் தம் உயிரை உச்சந்தலைக்கு மேல் பன்னிரண்டு விரல் உயரத்தில் உள்ள துவாதசாந்தத்தில் கொண்டு வைக்கிறார். உயிரைப் பத்திரப்படுத்திய பிறகு உடலைப் பிரிக்கும் வேலை. நிலம் நீரில் ஒடுங்கும், நீர் நெருப்பில், நெருப்பு காற்றில், காற்று வெளியில். கால் பெருவிரலிலிருந்து காலாக்கினி என்னும் ஊழித்தீ மூண்டு உடலைச் சாம்பலாக்குவதாகப் பாவிக்க வேண்டும். மேலிருந்து அமுதம் பொழிய, புதிய உடல் எழும். அதன்மேல் மந்திரங்களைப் பதிப்பது நியாசம். மனத்துக்குள் நடக்கும் ஒரு தகனமும் ஒரு பிறப்பும் என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது. சிவமாகாதவன் சிவனைத் தொடக் கூடாது என்பது சைவ ஆகமக் கொள்கை. பழைய உடலோடு பூசையில் உட்கார வழியில்லை. சைவர்க்கு மட்டும் உரியதும் அல்ல இது: வைணவப் பாஞ்சராத்திர நூலான ஜயாக்கிய சங்கிதையும் இதை விரிவாகச் சொல்கிறது.

தியானத்துக்குப் பிடிமானம் வேண்டுமே. நிலத்துக்குப் பொன்னிற நாற்கோணம், நீருக்கு வெள்ளைப் பிறை, தீக்குச் சிவந்த முக்கோணம், காற்றுக்குக் கறுத்த அறுகோணம், வெளிக்குப் புகைநிற வட்டம். திருவதிகை மனவாசகங் கடந்தார் இவற்றை உண்மை விளக்கத்தில் தமிழ் வெண்பாவாகவே பாடி வைத்தார். வடிவமும் நிறமும் மந்திர எழுத்தும் அதில் வெகு சுருக்கமாக அடங்கிவிடுகின்றன.

இன்று யோகப் பயிற்சி வகுப்புகளில் பூதசுத்தி என்ற இதே பெயர் கேட்கிறது. அங்கே அது பெரும்பாலும் உடல்நலப் பேச்சு; ஐம்பூதங்கள் சமநிலை பெறும் என்கிறார்கள். எரிப்பதைப் பற்றிப் பேச்சில்லை. கோயிலிலோ திரை விழுந்தபின் அர்ச்சகர் கண்மூடி அமர்ந்து செய்யும் அகவேலை இது. வெளியே நிற்பவர்களுக்கு மணியோசையும் தீபாராதனையும்தான் பூசை.