கல்லறைத் திருநாளும் கருப்புச் சட்டையும்

கிறிஸ்தவக் குருவான அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். இரண்டாவது நூல், போர்த்துகீசியத்திலிருந்து தமிழாக்கப்பட்டு, கேள்வியும் பதிலுமாக அமைந்த ஞான உபதேசம். ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டு கழித்து, 1930களில், பெரியாரின் அச்சகத்திலிருந்து இன்னொரு சிறு நூல் வந்தது. பகத்சிங் லாகூர்ச் சிறையில் எழுதிய கட்டுரையை ப. ஜீவானந்தம் 'நான் நாத்திகன் ஏன்?' என்று தமிழில் தந்தார். அதற்காக ஜீவாவும் பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைதானார்கள்.

அந்தக் கொச்சி நூலும் ஜீவாவின் நூலும் வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாக வந்தவை, சாதாரண மக்களை நோக்கிப் பேசியவை. சாவைப் பற்றி இரண்டுக்கும் உறுதியான கருத்து உண்டு. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, கடவுள் உண்டா இல்லையா என்ற சண்டையைவிட வேறொரு கேள்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது. செத்துப்போனவருக்கு உயிரோடு இருப்பவர் இனி ஏதாவது செய்ய முடியுமா? முடியும் என்கிறார் கத்தோலிக்கர். மோட்சத்துக்கு முன் தூய்மையாகும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆன்மாவுக்கு நம் செபமும் பூசையும் உதவும் என்பது அவர் நம்பிக்கை. முடியாது என்கிறார் நாத்திகர். செய்ய வேண்டியதை ஆள் இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். மற்ற வேறுபாடெல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கிறது.

விசுவாசிகள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: சாவு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றால் எந்த நாத்திகனும் சாமியைக் கூப்பிடுவான். பகத்சிங் இதற்கு நேரான மறுப்பு. தூக்கு நெருங்குகிறது என்று தெரிந்தே, கயிறு விழும் நொடியோடு எல்லாம் முடிந்தது, மறுமையில் எந்தப் பலனையும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 23.

பயம்தான் மதத்தை வளர்க்கிறது என்பது நாத்திகர் வாதம். அதற்கு முத்துக்குளித்த கடலே சான்று தருகிறது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், பாரில் (முத்துச்சிப்பித் திட்டில்) கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். அவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டினால்தான் குளியாளர்கள் தண்ணீருக்குள் இறங்குவார்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட், அந்தப் பரம்பரையின் அப்போதைய தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்று குறிப்பிடுகிறார். அதனால் மந்திரத்தின் மதிப்புக் குறைந்ததாக யாரும் நினைக்கவில்லையாம். சுறாவுக்கு முன்னால் வேதம் எது என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் பயத்தில் பிறந்தது என்பதாலேயே ஒன்று பொய் என்று ஆகிவிடாது. இந்த இடத்தை நம் பகுத்தறிவு எழுத்தாளர்கள் பெரும்பாலும் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கிறிஸ்தவத் தரப்பிடம் மிகக் கடினமான கேள்வியைக் கேட்டவர்கள் நாத்திகர்கள் அல்ல, புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். மணப்பாடு முதல் தூத்துக்குடி வரை கால்நடையாய் அலைந்த பிரான்சிஸ் சவேரியார் பிறகு ஜப்பானுக்குப் போனார். 1552இல் எழுதிய கடிதத்தில் அங்கே நடந்ததைச் சொல்கிறார். வேதத்தைக் கேள்விப்படாமலே செத்துப்போன எங்கள் அப்பன் பாட்டன் என்ன ஆனார்கள் என்று அந்த மக்கள் கேட்டிருக்கிறார்கள். நரகத்திலிருந்து மீட்சி இல்லை என்றார் சவேரியார். அவர்கள் அழுதார்கள். தேற்ற வழியில்லாமல் தமக்கும் வருத்தமாக இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் பதிலை மாற்றவில்லை.

அந்தப் பதில் இன்று இல்லை. தன் குற்றம் இல்லாமல் நற்செய்தியை அறியாமல் போனவர்களும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அறிவித்தது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கும் மீட்பு உண்டு என்று நம்ப இடமிருக்கிறது என்று 2007இல் இறையியலாளர் குழு ஒன்று சொன்னது. மறுவுலக வரைபடத்தைத் திருச்சபையே திருத்தியிருக்கிறது. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். அழுதவர்களின் கேள்வி கடைசியில் காதில் விழுந்தது என்பேன். ஆனால் அந்த வரைபடம் கடவுள் கையால் வரைந்தது என்ற பழைய உறுதி இதற்குப் பிறகு நிற்காது. இந்த ஒரு விஷயத்தில் வாதம் நாத்திகர் பக்கமே சாய்கிறது.

 

சாவை எதிர்கொள்ளும் சோதனை பெரியாருக்கும் வந்தது. 1933 மே 11இல் அவர் மனைவி நாகம்மையார் காலமானார். யாரும் அழக்கூடாது என்று சொல்லிவிட்டு, மறுநாளே திருச்சிக்குப் போய், 144 தடையை மீறி ஒரு கிறிஸ்தவ இணையருக்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்திக் கைதானார். மனைவிக்குச் செலுத்தும் மரியாதை அவர் விரும்பிய வேலையைத் தொடர்வதுதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நாத்திகம் சாவுக்குச் சொல்லும் பதிலை இதைவிடத் தெளிவாக எந்த நூலிலும் நான் பார்த்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், பாதிரியாரின் மகனாகப் பிறந்து இலங்கையின் பெயர்பெற்ற பகுத்தறிவாளரான ஆபிரகாம் கோவூர், தம் உடலை மருத்துவக் கல்லூரிக்கே எழுதிவைத்தார். 1978இல் அவர் இறந்தபோது சடங்கு எதுவும் இல்லை.

இனி நவம்பர் 2ஆம் தேதி தூத்துக்குடிக் கரையோர ஊர்களுக்கு வாருங்கள். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, குருசுக்கு மாலை போட்டிருப்பார்கள். மெழுகுவர்த்தி காற்றில் அணைய அணைய யாராவது மறுபடி ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். வயதான அம்மா ஒருத்தி கல்லைத் தடவிக்கொண்டு, பேத்திக்குக் கல்யாணம் பேசியிருப்பதைக் கணவரிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். பெரியாரின் நினைவு நாளான டிசம்பர் 24இல் சென்னை வேப்பேரி பெரியார் திடலில் திராவிடர் கழகத்தின் கருப்புச் சட்டைத் தோழர்கள் மலர்வளையம் வைத்து உறுதிமொழி எடுப்பார்கள். 1973இல் அடக்கம் செய்யப்பட்ட பெரியாரிடம் அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. தங்களுக்குள்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்கு அதில் இடம் எங்கே என்று தெரியவில்லை. தலைவரின் சாவுக்குக் கழகத்திடம் முறை இருக்கிறது. படத்திறப்பும் இரங்கல் கூட்டமும் வீட்டுச் சாவுக்கும் நடக்கின்றன. அதற்குப் பின் வருகிற நீண்ட வருடங்களுக்கு என்ன இருக்கிறது? ஆறுதல் சொல்வதில் கோயில் இன்னும் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. அதை ஒப்புக்கொள்ள ஒரு நாத்திகர் தயங்கத் தேவையில்லை.

கடலில் காணாமல் போனவர் வீட்டில் இரண்டு தரப்பும் தடுமாறுகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரிக் கரையில் எத்தனையோ பேர் உடல்கூடத் திரும்பவில்லை. உடல் இல்லாமல் இறந்தோர் பூசை வைக்கலாமா, வைத்தால் நாமே அவரைக் கொன்றதாகாதா என்று மனைவி தவிக்கிறாள். செத்ததும் எல்லாம் முடிந்தது என்ற வாக்கியமும் அங்கே உதவாது, செத்தாரா என்பதே தெரியாதே. சட்டமோ, பொதுவாக ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லையென்றால்தான் இறந்ததாகக் கொள்கிறது. அதுவரை சான்றிதழுக்கும் காப்பீட்டுக்கும் அவள் அலைய வேண்டும். மறுமையைப் பற்றி நீங்கள் ஆயுள் முழுக்க வாதாடலாம். கடலோடிக்கு அந்த ஏழு ஆண்டு விதியைத் தளர்த்தச் சொல்லும் மனுவில் பங்குத்தந்தையும் கழகத் தோழரும் முதலில் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.